உதிர்ந்த முடிக்கு ஒரு பெயர்

எங்கள் வீட்டுப் பூனை படுத்து எழுந்த நாற்காலியில் கறுப்பு பேன்ட்டோடு உட்கார்ந்துவிட்டால் போதும், பின்பக்கம் முழுக்க வெள்ளை முடி ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அதில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு முனை மெலிந்து மெலிந்து கண்ணுக்கே தெரியாமல் போகிறது. மறுமுனையில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற வெளிறிய சின்னப் புடைப்பு. அதுதான் வேர், தோலுக்குள் இருந்த பகுதி. அந்தப் பூனை ஆணா பெண்ணா, எதன் குட்டி, பக்கத்துத் தெருப் பூனைக்கு உறவா என்பதெல்லாம் அந்தப் புள்ளிக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

காட்டிலும் இதே கதைதான். கோடைப் பகலில் ஒரு புலி ஓடைக்கரையில் நிழல் பார்த்துப் படுக்கிறது. புரண்டு புரண்டு தூங்கி, வெயில் தாழ்ந்ததும் எழுந்து போய்விடுகிறது. அது படுத்த இடத்தில் சருகுகள் நசுங்கிக் கிடக்கும். குனிந்து, கண்ணைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோய், வெளிச்சம் எதிரிலிருந்து வரும்படி பார்த்தால், சருகு விளிம்பில் இரண்டு மூன்று முடிகள் மின்னும். அவற்றை இடுக்கியால் எடுத்துக் காகித உறைக்குள் போட வேண்டும். பிறகு உறைமேல் எழுத வேண்டும்: தேதி, நேரம், இடம், தெரிந்தால் எந்தப் புலி என்றும். புலிக்கு இது எதுவும் தெரியாது. அது அந்நேரம் வேறெங்கோ தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

விலங்கைப் பிடிக்காமல், மயக்க ஊசி போடாமல், கிட்டேகூடப் போகாமல் அதன் உடலைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று. எச்சம், சிறுநீர், கடித்துப் போட்ட இரைமேல் ஒட்டிய எச்சில் எல்லாம் இந்த வகைதான். இவற்றில் முடிமேல் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. பெரும்பூனைகளின் முடி ஆய்வுகளைப் படிக்கப் படிக்க ஒரு எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது. ஆய்வகத்து இயந்திரங்கள் எவ்வளவு முன்னேறினாலும் சரி, அந்த முடியின் மதிப்பைத் தீர்மானிப்பது உறைமேல் எழுதிய அந்த நாலு வரிதான்.

அதற்கு முன், தொடாமல் இருப்பது ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மாச்சோ பி என்று பெயரிடப்பட்ட ஓர் ஆண் ஜாகுவார் இருந்தது. 1996இலேயே அதைப் படம் பிடித்திருந்தார்கள். உடல் புள்ளிகளை ஒப்பிட்டுத்தான் பிற்பாடு கிடைத்த படங்களிலும் அதே விலங்கு என்று கண்டுகொண்டார்கள். 2009 பிப்ரவரி 18 அன்று அது ஒரு கண்ணியில் சிக்கியது. பியூமாவையும் கரடியையும் ஆராய வைத்த கண்ணி என்று முதலில் சொல்லப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் பெண் ஜாகுவாரின் எச்சத்தை மணப்பொறியாக வைத்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. மயக்க மருந்து கொடுத்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி விட்டார்கள். சில நாட்களிலேயே அதன் நடமாட்டம் சுருங்கியது. மீண்டும் பிடித்துப் பார்த்தபோது சிறுநீரகம் செயலிழந்திருப்பதாக மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். மார்ச் 2 அன்று கருணைக்கொலை செய்தார்கள். அமெரிக்க மண்ணில் அப்போது இருப்பதாகத் தெரிந்த ஒரே காட்டு ஜாகுவார் அது.

ரேடியோ பட்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு புலி ஊருக்குள் வருகிறதா என்று மணிக்கு மணி பார்க்க வேண்டிய நிலை வந்தால் பட்டைதான் வழி. ஆனால் இந்த விலங்கு யார், யாருக்கு உறவு என்று தெரிந்துகொள்ள அந்த ஆபத்தை அதன் தலையில் ஏற்றத் தேவையில்லை.

சரி, முடிக்குள் என்ன இருக்கிறது? முடியின் தண்டு செத்த பொருள், கெட்டியான கெரட்டின். அதற்குள் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும். அது தாயிடமிருந்து மட்டும் வருவது. ஆகவே தண்டு மட்டும் கிடைத்தால் இது புலியா சிறுத்தையா, எந்தத் தாய்வழி என்பதுவரை சொல்லலாம். எந்தத் தனிப் புலி என்று சொல்லவும், தந்தையைத் தெரிந்துகொள்ளவும் செல் கருவில் உள்ள டிஎன்ஏ வேண்டும். அது பெரும்பாலும் வேரில்தான் இருக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் முடியைப் பிடுங்கினால் வேரோடு உயிருள்ள செல்களும் சேர்ந்து வரும். தானாக உதிரும் முடியோ தன் வளர்ச்சியை முடித்துக்கொண்டு, வேர் சுருங்கிய பிறகு விழுகிறது. அதில் டிஎன்ஏ சொற்பம். வெயிலும் மழையும் அந்தச் சொற்பத்தையும் சிதைத்துவிடும்.

ஒற்றை முடியிலிருந்து டிஎன்ஏவை எடுத்துப் படிக்க முடியும் என்று 1988இல் காட்டினார்கள். கொரோனா காலத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்துபோன பிசிஆர் அப்போது புதிது. துளியூண்டு டிஎன்ஏவைக் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் அந்த உத்தி வந்ததால்தான் முடி ஆய்வே சாத்தியமானது. முதலில் நன்றாகப் பலித்தது கரடிகளிடம். மரங்களைச் சுற்றி முள்கம்பி கட்டி, நடுவில் வாசனையான ஒன்றை ஊற்றிவிட்டால், கரடி கம்பியைத் தாண்டும்போது கொத்தாக முடி மாட்டிக்கொள்ளும். 2004இல் அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவிலும் அதைச் சுற்றிய காடுகளிலும் இப்படி 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முடி மாதிரிகளைச் சேகரித்து, 765 கிரிஸ்லி கரடிகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். ஒரு கரடியைக்கூடப் பிடிக்கவில்லை.

பூனைகள் அப்படிக் கம்பியில் மாட்டாது. நெளிந்து போய்விடும். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பிடித்த வாசனை எங்கிருந்தாலும் கன்னத்தை வைத்துத் தேய்க்கும்.

இதை நம்மூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குப்பைமேனிக்குச் சித்த மருத்துவத்தில் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருக்கிறது. கொல்லையில் அதை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் பாருங்கள், பூனை வந்து முகர்ந்து, தேய்த்து, மேலே விழுந்து உருளும். மேலை நாடுகளில் இதே வேலையைச் செய்யும் செடி கேட்னிப். அதிலுள்ள நெப்பட்டாலாக்டோன் என்ற பொருள்தான் பூனையை மயக்குகிறது. குப்பைமேனி வேரிலும் அதற்கு வேதியியல் உறவுள்ள பொருள்கள் இருப்பதைப் பிற்காலத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர் எவ்வளவு நேரம் பூனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் எல்லாப் பூனைக்கும் இந்த மயக்கம் கிடையாது. வீட்டுப் பூனைகளிலேயே சுமார் மூன்றில் இரண்டுக்குத்தான் கேட்னிப் பிடிக்கும், அதுவும் பரம்பரையாக வருவது. பெரும்பூனைகளில் சிங்கமும் ஜாகுவாரும் கிறங்கும். புலி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

அதனால் வேறு வாசனைகளைத் தேடினார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் 2003இல் 24 வகை வாசனைத் திரவியங்களைச் சிவிங்கிகள் என்னும் சீட்டாக்களுக்கு முன்னால் வைத்துப் பார்த்தார்கள். கால்வின் கிளைன் நிறுவனத்தின் ஆண்களுக்கான அப்செஷன் ஜெயித்தது. சராசரியாக 11 நிமிடம் அதையே சுற்றிச் சுற்றி வந்தன. புனுகின் மணத்தை ஒத்த ஒரு செயற்கைப் பொருள் அதில் இருப்பதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். புனுகு என்றால் நமக்குத் தெரியும், அதுவே ஒரு பூனை போன்ற விலங்கின் சுரப்பியிலிருந்து வருவது. பிறகு குவாத்தமாலாவின் மாயா காட்டில் தானியங்கி கேமராக்களுக்கு முன்னால் இதைத் தெளித்து ஜாகுவார்களைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தார்கள். 2018இல் மகாராஷ்டிராவின் யவத்மால் பகுதியில் அவனி என்று செய்தித்தாள்கள் அழைத்த டி1 பெண் புலியைத் தேடியபோதும் இதே வாசனையைத் தெளித்தார்கள். அந்தத் தேடல் புலி சுட்டுக் கொல்லப்பட்டதில் முடிந்தது.

வாசனையும் தேய்ப்பும் சேர்ந்து முறையான கணக்கெடுப்பாக வளர்ந்தது கனடா லிங்க்ஸ் விஷயத்தில். பெரும்பூனை என்று சொல்ல முடியாத, பனிக்காட்டில் வாழும் நடுத்தர உடம்புப் பூனை அது. கருவி மிக எளியது. உள்ளங்கை அளவு தரைவிரிப்புத் துண்டு ஒன்று, அதில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகள். விரிப்பின்மேல் பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் சுரப்பியிலிருந்து எடுத்த கஸ்தூரி போன்ற பொருளையும் உலர்ந்த கேட்னிப்பையும் தடவி, பூனையின் கன்ன உயரத்தில் மரத்தோடு வைத்து அடிப்பார்கள். பக்கத்தில் ஒரு அலுமினியத் தட்டைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். காற்றில் ஆடி மின்னும் தட்டைப் பார்த்து லிங்க்ஸ் கிட்டே வரும், வாசனை பிடிக்கும், கன்னத்தைத் தேய்க்கும், ஆணியில் முடியை விட்டுப் போகும். இத்தனை எளிய கருவியோடு 1999இல் அமெரிக்காவின் காடுகள்தோறும் தேசிய லிங்க்ஸ் கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே லிங்க்ஸ் அங்கே சட்டப்படி அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பு வந்ததும் முடியின் எடை கூடிவிட்டது. ஒரு காட்டில் லிங்க்ஸ் இருக்கிறது என்று உறுதியானால் மரம் வெட்டுவது, சாலை போடுவது, பனி வண்டி ஓட்டுவது எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வரலாம். இந்த நிலையில்தான் வாஷிங்டன் மாநிலத்தில் அது நடந்தது. மத்திய, மாநிலத் துறைகளைச் சேர்ந்த உயிரியலாளர்கள் சிலர், கூண்டில் வளர்ந்த லிங்க்ஸின் முடியைத் தேசியக் காட்டில் கிடைத்ததாகக் குறித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஆய்வகம் சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று சோதிக்கத்தான் அப்படிச் செய்தோம் என்பது அவர்களின் விளக்கம். சந்தேகப்பட அவர்களிடம் காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய ஒரு முடி ஆய்வில், அதே மலைத்தொடரில் லிங்க்ஸ் இருப்பதாக வந்த முடிவு கேள்விக்குள்ளாகியிருந்தது.

2001 டிசம்பரில் இது பத்திரிகைகளில் வெடித்தது. காட்டை மூடுவதற்காகவே பொய் முடி வைத்தார்கள் என்று ஒரு தரப்பு கொதித்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அந்த மாதிரிகள் கணக்கெடுப்பின் முடிவைப் பாதிக்கவில்லை, 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வகத்துக்கும் தகவல் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனாலும் பேர் கெட்டது கெட்டதுதான். முடியைப் படித்த மொன்டானா ஆய்வகம் தன் வேலையைச் சரியாகச் செய்தும், அதன் விஞ்ஞானிகள் பல மாதங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

அந்த உயிரியலாளர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆய்வகத்தைச் சோதிப்பது நல்ல பழக்கம். தெரியாத மாதிரிகளை நடுவில் கலந்து அனுப்புவது அறிவியலில் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் அதைத் திட்டத்திலேயே எழுதிவைத்து, பொறுப்பான ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும். உறைமேல் ‘இந்தக் காட்டில், இந்த நாளில் கிடைத்தது’ என்று எழுதியபின் அது வெறும் குறிப்பு கிடையாது, சாட்சியம். அதில் ஒரு பொய் நுழைந்தால் மற்ற ஆயிரம் உறைகளும் சேர்ந்து கூண்டில் நிற்க வேண்டிவரும்.

இதே விஷயத்தில் ஜெர்மனியின் காட்டுப்பூனை ஆர்வலர்கள் காட்டும் கவனம் என்னை மிகவும் கவர்ந்தது. அங்கே குளிர்காலத்தில், இணை சேரும் பருவத்தில், சொரசொரப்பான மரக்கழிகளைக் காட்டில் நட்டு வலேரியன் வேர்ச் சாற்றைத் தெளிக்கிறார்கள். காட்டுப்பூனைக்கு அந்த மணம் பிடிக்கும். தன்னார்வலர்கள் குறித்த இடைவெளியில் போய்க் கழியைச் சோதிக்கிறார்கள். முடி கிடைத்தால் எடுத்துக்கொண்டு, அப்புறம் ஒரு சின்ன வாயு அடுப்பால் கழியின் மேல்பரப்பை லேசாகப் பொசுக்குகிறார்கள். மிஞ்சிய ஒன்றிரண்டு முடியும் கருகிவிடும். அதனால் அடுத்த முறை கிடைக்கும் முடி இந்த இடைவெளியில் வந்த பூனையுடையது என்று அடித்துச் சொல்லலாம்.

இப்போது புலிக்கு வருவோம். கேட்னிப்புக்கு மயங்காத, கம்பியில் மாட்டாத விலங்கு. அதன் முடி வேண்டுமென்றால் அது போகும் இடத்துக்கெல்லாம் நாம்தான் போக வேண்டும். புலி மரத்தில் கன்னத்தையும் விலாவையும் தேய்க்கும், பட்டை இடுக்கில் முடி சிக்கும். பனிச்சிறுத்தை, சாய்ந்து நிற்கும் பாறையின் அடிப்பக்கத்தில் கன்னத்தைத் தேய்க்கும். இந்த இடங்களைத் தெரிந்தவர்கள் விஞ்ஞானிகளைவிடக் காட்டிலேயே நடந்து திரியும் வனக் காவலர்களும் உள்ளூர் வழிகாட்டிகளும்தான்.

ராஜஸ்தானின் ரந்தம்போரில் பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அனுபப் கானும் உமா ராமகிருஷ்ணனும் வனத்துறையினரோடு சேர்ந்து செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ரந்தம்போர் இதற்குத் தோதான இடம். அங்கே புலிகளைக் கோடுகளை வைத்து ஒவ்வொன்றாகத் தெரியும், எண்ணும் உண்டு, பலவற்றுக்குப் பெயரும் உண்டு. 2016இல் இறந்த மச்லி என்ற பெண் புலியை அறியாத புலி ஆர்வலர் குறைவு. அடையாளம் தெரிந்த புலிகளைப் பின்தொடர்ந்து, அவை விட்டுப்போகும் எல்லாவற்றையும் சேகரித்துப் பார்த்தார்கள். எச்சம்தான் அதிகம் கிடைக்கும் என்று யாரும் நினைப்பார்கள். கிடைத்ததில் உதிர்ந்த முடியே அதிகம். எந்தப் புலி என்று கண்ணால் பார்த்து உறைமேல் எழுதக்கூடிய மாதிரியும் அதுதான்.

அடுத்த கேள்வி, இந்தச் சொற்ப டிஎன்ஏவிலிருந்து எவ்வளவு படிக்க முடியும். எச்சத்தில் டிஎன்ஏ நிறைய இருந்தாலும் அதில் பெரும்பகுதி பாக்டீரியாவுடையது, தின்ற மானுடையது. முடியில் அளவு குறைவு, ஆனால் இருப்பது பெரும்பாலும் புலியுடையதே. நுட்பமான முறைகளில் தயாரித்துப் பார்த்தபோது ஐந்து மாதிரிகளில் மரபணுத் தொகுதியின் 25 முதல் 98 சதவீதம்வரை படிக்க முடிந்தது. பூர்வீகம் தெரியாமல் இருந்த மூன்று புலிகளின் தாய்வழியையும் கண்டுபிடித்தார்கள். பல்லாண்டுகளாகக் கண்காணித்தவர்கள் நோட்டில் எழுதிவைத்த வம்சாவளியோடு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ சொன்ன வம்சாவளி பொருந்தி வந்தது. எனக்கு இந்த ஆய்விலேயே பிடித்த வரி அதுதான். கண்ணால் பார்த்தவர் எழுதியதும் முடி சொன்னதும் ஒன்றாக இருந்தன.

உறவு தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். பக்கத்திலேயே சரிஸ்கா இருக்கிறது. 2004இல்கூட அங்கே பத்துக்கு மேல் புலிகள் இருப்பதாகத் துறையின் கணக்கு சொன்னது. கால்தடத்தை வைத்து எண்ணிய கணக்கு. 2005இல் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, வேட்டையில் அத்தனையும் போயிருந்தன. 2008 முதல் ரந்தம்போரிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கொஞ்ச நாளிலேயே ஒரு கவலை எழுந்தது: கொண்டுவந்தவை ஒன்றுக்கொன்று நெருங்கிய ரத்த உறவாக இருந்தால், அவற்றின் குட்டிகள் என்ன ஆகும்? ரந்தம்போரே மற்ற புலிக்காடுகளிலிருந்து துண்டுபட்டுக் கிடக்கும் இடம், அங்குள்ளவை பல தலைமுறையாகத் தமக்குள்ளேயே கூடியவை. எந்தப் புலியை எங்கே அனுப்பலாம் என்று முடிவெடுக்கும்போது, மயக்க ஊசியை எடுப்பதற்கு முன்பே அதன் உறவுமுறை தெரிந்திருந்தால் எவ்வளவு நல்லது!

எண்ணிக்கைக்கு மட்டும் என்றால் இந்தியாவில் கேமராவே போதும். 2022 கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் கேமரா வைத்து 4.7 கோடிக்கு மேல் படங்கள் எடுத்து, 3,080 புலிகளைக் கோடுகளால் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். படம் முகம் காட்டும், உறவைக் காட்டாது. தவிர, டிஎன்ஏவை வைத்து எண்ணுவதில் ஒரு குழியும் இருக்கிறது. மாதிரி மிகக் குறைவாக இருந்தால், தாயிடமிருந்து வந்த மரபணுப் பிரதி நகலாகி, தந்தையுடையது நகலாகாமலே போய்விடலாம். அப்போது அதே புலி இன்னொரு புலிபோலத் தெரியும். இல்லாத புலி ஒன்று கணக்கில் ஏறிவிடும். இதனால்தான் ஒரே முடியைத் தனித்தனியாகப் பல தடவை சோதிக்கிறார்கள். சரிஸ்காவுக்குப் பிறகு காகிதப் புலியை நம்மால் தாங்க முடியாது.

முடி இன்னொன்றும் செய்யும். அது நாட்குறிப்பு எழுதும். வளரும்போது அன்றன்று உண்டதன் தடம் கெரட்டினில் பதிந்து, நுனியில் பழையதும் வேரருகில் புதியதுமாக வரிசையாக நிற்கும். கென்யாவின் சாவோ ஆற்றுப் பாலத்தில் 1898இல் ரயில்பாதைத் தொழிலாளர்களைக் கொன்ற இரண்டு சிங்கங்களின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். இறந்தவர்களில் பலர் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கூலிக்குப் போனவர்கள். அந்த டிசம்பரில் இரண்டையும் சுட்டுக் கொன்ற, பாலம் கட்டும் பொறுப்பிலிருந்த பேட்டர்சன், பின்னாளில் 135 பேர் இறந்ததாகச் சொன்னார். ரயில்வே கணக்கு 28. தோல்களும் மண்டையோடுகளும் இப்போது சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

2009இல் அந்தச் சிங்கங்களின் எலும்பையும் முடியையும் எடுத்து, கார்பன், நைட்ரஜன் அணுக்களின் கனமான வகை எவ்வளவு, லேசான வகை எவ்வளவு என்று அளந்தார்கள். புல் மேய்ந்த விலங்கைத் தின்றதா, இலை கடித்த விலங்கைத் தின்றதா, மனிதரையா என்பதற்கேற்ப அந்த விகிதம் மாறும். எலும்பு பல ஆண்டுச் சராசரியைச் சொன்னது. கடைசிச் சில மாதங்களைச் சொன்னது முடி. இரண்டும் சேர்ந்து சுமார் 35 பேரைத் தின்றிருக்கலாம், அதில் ஒரு சிங்கம் மட்டும் 24 பேரை என்று மதிப்பிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. அந்தச் சிங்கங்களின் பற்கள் உயிரோடிருக்கும்போதே உடைந்தவை. உடைந்த பல்லின் குழிக்குள் இரையின் முடிகள் அடைந்து, நூற்றாண்டுக்கும் மேலாக அப்படியே இருந்தன. 2024இல் அவற்றை எடுத்து டிஎன்ஏ படித்தார்கள். ஒட்டகச்சிவிங்கி, ஓரிக்ஸ், நீர்மான், வரிக்குதிரை, வில்டபீஸ்ட் என்ற மறிமான், மனிதர். அந்தக் காலத்தில் வில்டபீஸ்ட் சாவோவுக்குப் பக்கத்தில் மேயவில்லை என்பதால், சிங்கங்கள் நாம் நினைத்ததைவிடத் தொலைவு சுற்றியிருக்க வேண்டும், அல்லது வில்டபீஸ்ட் அங்கே வந்திருக்க வேண்டும். இரண்டு சிங்கங்களின் தாய்வழி டிஎன்ஏவும் ஒன்றே, அநேகமாக அண்ணன் தம்பி. மனித முடிகளை மட்டும் அவர்கள் மேற்கொண்டு ஆராயவில்லை. அந்த மனிதர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கலாம், அவர்களிடம் பேசாமல் அதைச் செய்யக்கூடாது என்று நிறுத்திக்கொண்டார்கள். எவ்வளவு சரியான முடிவு! பெயர் எழுதப்படாமல் போன தொழிலாளர்களின் முடி அது.

இடையில் ஒன்று. காட்டுப் பக்கம் போகிறவர்கள் புலி முடியோ மீசையோ கண்ணில் பட்டால் எடுத்துவந்துவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொம்பு, நகம், பல் வரிசையில் முடியையும் சேர்த்திருக்கிறது. ஆய்வாளர்களே அனுமதி வாங்கித்தான் எடுக்கிறார்கள். பார்த்த இடத்தை வனக் காவலரிடம் சொன்னால், அது உங்கள் பர்ஸில் கிடப்பதைவிட நல்ல இடத்துக்குப் போய்ச் சேரும்.

கடைசியாக ஒடிசாவின் சிமிலிபால். அங்கே கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டி, முதுகெல்லாம் கறுத்த புலிகள் இருக்கின்றன. கருஞ்சிறுத்தைபோல முழுக் கறுப்பு இல்லை, கறுப்புக்கு நடுவே செம்மஞ்சள் எட்டிப் பார்க்கும். இது ஏன் என்பதற்கு 2021இல் விடை கிடைத்தது. வினய் சாகரும் உமா ராமகிருஷ்ணனும் அவர்கள் குழுவும், பூங்காப் புலிகளின் ரத்தத்தோடு, சிமிலிபாலில் எச்சம், உதிர்ந்த முடி என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் படித்தார்கள். டாக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. டிஎன்ஏவின் நாலு வேதி எழுத்துகளில் சி இருக்க வேண்டிய இடத்தில் டி. வீட்டுப் பூனைகளில் கோடு கலைந்து திட்டாவதும், சிவிங்கிகளில் அபூர்வமாக ‘ராஜ சிவிங்கி’ பிறப்பதும் இதே மரபணுவில் நேரும் மாற்றங்களால்தான். தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய எழுத்து வந்தால்தான் குட்டி கறுக்கும்.

அந்த மாறிய எழுத்து வேறு காட்டுப் புலிகளிடம் கிடைக்கவில்லை. சிமிலிபாலை விட்டால், ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவிலும், அந்த வம்சம் போய்ச் சேர்ந்த ராஞ்சி, நம் வண்டலூர் பூங்காக்களிலும் மட்டும் இருந்தது. சிமிலிபாலிலோ பாதிக்கு மேற்பட்ட மரபணுப் பிரதிகளில் அதுதான் இருந்தது, சுமார் மூன்றில் ஒரு புலி கறுப்பு. பார்க்க அழகு. சுற்றுலாவுக்கு விளம்பரம். ஆனால் முடி சொல்வது வேறு செய்தி. இந்தப் புலிகள் மிகச் சில முன்னோரிடமிருந்து வந்து, வெளியிலிருந்து புது ரத்தம் சேராமல், தமக்குள்ளேயே பெருகியவை. எங்கோ ஒரு முறை தற்செயலாக நுழைந்த எழுத்துப்பிழை, போக வழியில்லாமல் அந்தக் காட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நிறைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் இந்தப் பிழைக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எத்தனை பிழைகள் இப்படி நிறைந்திருக்கும் என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

2024 கடைசியில் மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண் புலிகளைச் சிமிலிபாலுக்குக் கொண்டுவந்தார்கள். ஜீனத் அங்கே தங்கவில்லை. ஜார்கண்டைத் தாண்டி மேற்கு வங்கத்துக்குள் போய், கிராமங்களின் ஓரமாகவே நடந்து, டிசம்பர் 29 அன்று பாங்குராவில் மயக்க ஊசியில் விழுந்து, மறுபடி சிமிலிபாலுக்கு வந்து சேர்ந்தது. இரண்டும் அங்கே நிலைத்துக் குட்டி போட்டால், அந்தக் குட்டிகளும் ஒருநாள் ஓடைக்கரையில் புரண்டு படுத்துவிட்டு எழுந்து போகும். சருகு விளிம்பில் மின்னும் முடியை ஒருவர் இடுக்கியால் எடுத்து, உறைமேல் தேதியும் இடமும் எழுதி அனுப்புவார். ஆய்வகத்தில் அந்தக் குறிப்பிட்ட எழுத்தைத் தேடிப் பார்ப்பார்கள், டி மட்டும்தானா, பக்கத்தில் தடோபாவிலிருந்து வந்த சியும் இருக்கிறதா என்று.